வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்: லிமிடெட் ஸ்லிப் பின் அச்சுக்கு எண்ணெய் தேர்வது

உதிரிபாகக் கடையில் கியர் ஆயில் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "தொண்ணூறா, நூத்தி நாப்பதா?" லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் இந்தக் கேள்வி பெரும்பாலும் போதும். பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்.எஸ்.டி.) உள்ள வண்டிக்குப் போதாது. அங்கே எண் மூன்றாவதாகத்தான் வரும். உள்ளே இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பிடிக்கு எண்ணெய் கைகொடுக்க வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா என்று அடுத்துத் தெரிய வேண்டும். இவை தெரியாமல் வாங்கினால் விலை உயர்ந்த எண்ணெயும் வீண்தான். சில வண்டிகளில் கேடும்கூட.

சாதாரண டிஃபரென்ஷியல் வளைவுக்காகப் பிறந்தது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட்டு, முறுக்குவிசையை மட்டும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தச் சமத்துவம்தான் சேற்றில் வினையாகிறது. ஒரு சக்கரம் சகதியில் பிடிமானம் இழந்தால் அது வாங்கிக்கொள்ளும் விசை மிகச் சொற்பம். கெட்டித் தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். ஒன்று சும்மா சுழல, மற்றது அசையாமல் நிற்க, வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும்.

சகதியில்தான் இந்தத் தொல்லை என்றில்லை. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் இன்ஜின் சக்தி அவ்வளவு; நல்ல வேகத்தில் ஓடும்போதே ஒரு பின்சக்கரம் பிடி விட்டுச் சுழன்றது. தீர்வு கேட்டு ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தை அணுகினார்கள்; வந்த விடைதான் இரு சக்கரங்களையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும் லிமிடெட் ஸ்லிப். சாலைக்கார்களுக்கு இந்த உத்தி பரவலாக வந்தது அமெரிக்காவில். 1956 மாடல் பேக்கார்டும் ஸ்டூடிபேக்கரும் 'ட்வின் டிராக்‌ஷன்' என்ற பெயரில் தந்தன. அடுத்த ஆண்டு செவ்ரோலே 'பாசிட்ராக்‌ஷன்' என்றது. கிரைஸ்லர் 'ஷ்யூர் கிரிப்' என்றது. ஃபோர்டு பிற்பாடு 'டிராக்‌ஷன் லாக்' என்றது. பெயர்கள் ஒரே சரக்கைக் குறிப்பதாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை ஒன்றல்ல. எண்ணெய்க் குழப்பம் அங்கிருந்தே ஆரம்பம்.

எல்.எஸ்.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின் அச்சு எண்ணெய்க்கு ஒரு மாறாத கடமை உண்டு: புரொபெல்லர் ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் காப்பது. 1926இல் பேக்கார்டு ஹைபாய்ட் பல்சக்கரத்தைக் கொண்டுவந்தது. பினியனை கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறக்கி வைத்ததால் புரொபெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரைமட்டமும் தாழ்ந்தது, பல்லும் வலுவானது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே நகர்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடும். இரும்பும் இரும்பும் ஒட்டிக் கிழியும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மிகை அழுத்தச் சேர்மானங்கள் வந்தன. பல் சூடேறும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தியாகப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. பல் தேய்வதற்குப் பதில் அந்தப் படலம் தேய்கிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை இந்தக் கந்தகத்தின் உபயம்.

டப்பாமேல் 'ஏ.பி.ஐ. ஜி.எல்-5' என்ற அமெரிக்கத் தர முத்திரை இருப்பதன் பொருளும் இதுதான். ஜி.எல்-4இல் உள்ளதைப்போல ஏறக்குறைய இருமடங்கு மிகை அழுத்தச் சேர்மானம் ஜி.எல்-5இல் இருக்கும். ஹைபாய்ட் பின் அச்சுக்கு ஜி.எல்-5 தான், இதில் பேரம் கிடையாது. இதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடலாம் என்பது தனித் தவறு: பித்தளை, வெண்கல சிங்க்ரோ வளையங்களுக்கு எல்லா ஜி.எல்-5உம் ஒத்துவராது. நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்லும் 'இ.பி. 90' என்ற பெயரில் உள்ள 'இ.பி.' மிகை அழுத்தம் என்பதைத்தான் சொல்கிறது, ஜி.எல்-4ஆ, 5ஆ என்று சொல்லவில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

இனி எல்.எஸ்.டி.யின் உள்ளே. ஃபோர்டு மஸ்டாங்கிலும் பிக்கப்புகளிலும் பல்லாண்டுகளாக வரும் டிராக்‌ஷன் லாக்கை எடுத்துக்கொள்வோம். ஹவுசிங்கின் பின்மூடியைக் கழற்றினால் கேரியரின் ஜன்னல் வழியே ஆங்கில 'எஸ்' எழுத்துபோல் வளைந்த தடித்த ஸ்பிரிங் ஒன்று தெரியும். அது இரு பக்கப் பல்சக்கரங்களையும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பக்கப் பல்சக்கரத்தின் முதுகிலும் ஓர் அடுக்கு: ஒரு எஃகுத் தட்டு, ஒரு உராய்வுத் தட்டு, மறுபடி எஃகு, மறுபடி உராய்வு. உராய்வுத் தட்டுகள் உட்புறப் பற்களால் பல்சக்கரத்தோடு சுற்றும். எஃகுத் தட்டுகள் வெளியே நீட்டிய காதுகளால் கேரியரில் மாட்டியிருக்கும். ஒரு சக்கரம் தனியாக ஓட வேண்டுமானால் இந்த அடுக்கை நழுவவைத்துத்தான் ஓட முடியும். ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம் ஒரு பங்கு. இன்ஜின் விசை ஏறும்போது பற்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளுவதால் கிடைக்கும் அழுத்தம் இன்னொரு பங்கு. மோட்டார் சைக்கிள் கிளட்ச்சைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதல்ல.

எண்ணெயின் சங்கடம் இங்கேதான். பல்சக்கரத்துக்கு அது உராய்வைக் குறைக்க வேண்டும். தட்டுகளுக்கு உராய்வு வேண்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட குணத்தோடு வேண்டும். நின்றிருக்கும் இரு தட்டுகளை நகர்த்தத் தேவையான விசை, நகர்ந்துகொண்டிருக்கும் தட்டுகளை நகர்த்தும் விசையைவிட அதிகமாக இருந்தால் ஆபத்து. வாகன நிறுத்தத்தில் முழு ஸ்டியரிங் ஒடித்து மெல்லத் திருப்பும்போது தட்டுகள் முதலில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சில் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பிறகு சட்டென்று விடும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல முறை இது நடக்கும்போது பின்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு நடுக்கம் கேட்கும். கிரவுன் உடைந்துவிட்டது என்று பயந்து பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் உடைந்திருப்பது ஒன்றுமில்லை. எண்ணெயில் ஒரு சேர்மானம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சேர்மானத்துக்குப் பெயர் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர், உராய்வு மாற்றி. நீண்ட வால் கொண்ட மூலக்கூறுகள் இவை. தலை உலோகத்தில் ஒட்டிக்கொள்ள, வால் வெளியே நிற்கும். வேகம் குறையக் குறைய உராய்வு ஏறாமல் இறங்கும்படி செய்வதே இவற்றின் வேலை. அப்போது தட்டுகள் ஒட்டி விட்டு ஒட்டாமல், சீராக நழுவும். ஃபோர்டு இதை 'எக்ஸ்.எல்-3' என்ற பெயரில் 118 மில்லி கொண்ட சிறு புட்டியாகத் தனியே விற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸும் அதே அளவில் தன் புட்டியை வைத்திருக்கிறது. ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெயில் 118 மில்லி என்றால் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளவு கூடினால் தட்டுகள் வழவழவென்று நழுவி எல்.எஸ்.டி. வெறும் டிஃபரென்ஷியலாகிவிடும். கூடவே, பல்லைக் காக்கும் சேர்மானமும் இதுவும் ஒரே உலோகப் பரப்புக்குப் போட்டி போடுகின்றன. மருந்துபோல் அளந்து ஊற்ற வேண்டிய சரக்கு இது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும்: காருக்கான இன்ஜின் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவுகிறது என்பார்களே, அதுவும் உராய்வு மாற்றியின் வேலைதான். அதைத் தவிர்க்கத்தான் பைக் எண்ணெயில் 'ஜாஸோ எம்.ஏ.' முத்திரை.

தொடக்க காலத்தில் இந்தச் சேர்மானம் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் விசித்திரமான கதை. விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெய் அது. மற்ற விலங்குக் கொழுப்புகளைப்போல் இல்லாமல் இது பெரும்பகுதி மெழுகு எஸ்டர். வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும், உலோகத்தில் பற்றி நிற்கும், கந்தகம் ஏற்றினாலும் எண்ணெயில் நன்றாகக் கரையும். பாசிட்ராக்‌ஷன் அச்சுகளுக்கான எண்ணெயிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயிலும் அமெரிக்க நிறுவனங்கள் இதைச் சேர்த்து வந்தன. 1970இல் அமெரிக்க அரசு இந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1973இல் சட்டம் இன்னும் கடுமையானது. எண்ணெய் வேதியியலாளர்களுக்கு அது பெரும் தலைவலி. தாவர உலகில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்றே: அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையிலும் மெக்ஸிகோவிலும் வளரும் ஹொஹோபா புதரின் விதை எண்ணெய். அதுவும் மெழுகு எஸ்டரே. பிறகு செயற்கை எஸ்டர்களும் பாஸ்பேட், அமைன் வகைச் சேர்மங்களும் அந்த இடத்தை நிரப்பின. இன்று ஒரு சிறு புட்டியை ஊற்றும்போது திமிங்கிலம் நினைவுக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் 'எந்த எண்ணெயானாலும் என்ன' என்பவர்களிடம் சொல்லத் தகுந்த கதை.

ஜி.எல்-5 என்ற முத்திரை இந்த உராய்வைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஜி.எல்-5க்கான சோதனைகள் பல்லின் சுமை தாங்கும் திறன், திடீர் அதிர்ச்சி, ஈரத்தில் துரு, வெப்பத்தில் கெட்டுப்போதல் ஆகியவற்றைப் பார்க்கின்றன. லிமிடெட் ஸ்லிப்புக்கென்று ஏ.பி.ஐ. தனி வகுப்பு வைக்கவில்லை. டப்பாவில் 'எல்.எஸ்.' என்றோ 'லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது' என்றோ இருந்தால் அது தயாரிப்பாளரின் வாக்கு, அல்லது இசட்.எஃப். பட்டியலின் 'டி.இ-எம்.எல் 05சி' போன்ற, அச்சு தயாரிப்பாளரின் ஒப்புதல். ஒப்புதல் எண் இருந்தால் அதை நம்பலாம். வெறும் விளம்பர வாசகத்தைப் பாதி நம்பலாம். ரெட் லைன் போன்ற சில நிறுவனங்கள் ஒரே 75டபிள்யூ-90ஐ உராய்வு மாற்றி சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என இரண்டாக விற்பதும் உண்டு. சேர்க்காததன் பெயரில் 'என்.எஸ்.' என்று இரண்டே எழுத்துதான் வித்தியாசம்.

ஆக, முதல் கேள்விக்குத் திரும்பினால், தட்டு வகைக்கு உராய்வு மாற்றி வேண்டும். ஏற்கெனவே கலந்த எண்ணெயை வாங்கலாம், அல்லது ஜி.எல்-5 எண்ணெயில் புட்டியைத் தனியே ஊற்றலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நம்மூரில் அடிக்கடி நடக்கும் மிகை. கலந்த எண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்த்து, சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் மட்டும் கொஞ்சம் சேர்ப்பதே சரியான முறை. பந்தயக்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் பூட்டு முக்கியம், சத்தம் பொருட்டல்ல. உராய்வு மாற்றி குறைந்த எண்ணெயைத் தேடுவார்கள். ஜப்பானின் ஓ.எஸ். கிக்கென் தன் தட்டு வகை எல்.எஸ்.டி.க்கு 80டபிள்யூ-250 என்ற கெட்டியான எண்ணெயைத் தானே விற்கிறது. அதை வீட்டுக்காருக்கு ஊற்றுவதில் அர்த்தமில்லை.

கூம்பு வகையில் தட்டடுக்குக்குப் பதில் இரண்டு கூம்புகள் கேரியரின் உட்சுவரில் உரசிப் பிடிக்கின்றன. எண்ணெய்த் தேவை தட்டு வகையை ஒட்டியதே. வேறுபாடு ஒன்று: தட்டு தேய்ந்தால் புதுத் தட்டு போடலாம், கூம்பு தேய்ந்தால் பெரும்பாலும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும். இங்கே தவறான எண்ணெய்க்குத் தண்டனை அதிகம்.

பல்சக்கர வகை முற்றிலும் வேறு சாதி. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சன் இதில் முன்னோடி. 1990களின் மஸ்தா எம்.எக்ஸ்-5இலும் இன்றைய டொயோட்டா ஜி.ஆர்.86இலும் வருவது இந்தக் குடும்பம். இதில் கிளட்ச் அடுக்கு இல்லை. சாய்ந்த பற்கள் விசை ஏறும்போது பக்கவாட்டில் தள்ளி, பல்லும் உறையும், வாஷரும் உரசுவதால்தான் பிடி வருகிறது. அதாவது, உலோகத்தோடு உலோகம் கொள்ளும் அந்த உராய்வே இதன் உயிர். உராய்வு மாற்றியை ஊற்றினால் உயிரைக் கொஞ்சம் குடிக்கிறோம். இதற்கு வழக்கமான ஜி.எல்-5 போதும். ஈட்டன் நிறுவனம் தன் டெட்ராய்ட் ட்ரூட்ராக்குக்கு உராய்வு மாற்றி தேவையில்லை என்பதோடு, செயற்கை எண்ணெயைவிட மினரல் எண்ணெயையே பரிந்துரைக்கிறது. 'காசு போனாலும் பரவாயில்லை, நல்ல சின்தெட்டிக் ஊற்றுங்கள்' என்கிற தாராளம் இங்கே எடுபடாது.

விஸ்கஸ் வகையில் பிடியைத் தருவது, மூடி முத்திரையிட்ட கூட்டுக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம். முதல் எம்.எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் வண்டிகளில் இது வந்தது. அச்சில் ஊற்றும் எண்ணெய் அந்தக் கூட்டுக்குள் போவதே இல்லை. ஆகவே ஜி.எல்-5 ஊற்றினால் முடிந்தது. கூடு செத்துவிட்டால் எந்த எண்ணெயும் எழுப்பாது. மின்னணு முறையில் இயங்கும் எல்.எஸ்.டி.களில் பல்சக்கரத்துக்கு ஓர் எண்ணெய், ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கு வேறோர் எண்ணெய் என்று இரு அறைகள் இருப்பதுண்டு. அங்கே கையேட்டை மீறி யோசிப்பதே வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்று அதிகம் குழப்புவது இன்னொரு வகை: மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல். மஹிந்திரா தாரில் வருவது இது. அமெரிக்க பிக்கப்புகளில் 'ஜி80' என்று அறியப்படுவதும் இதே ஈட்டன் குடும்பம். இரு பக்கச் சக்கரங்களின் வேக வேறுபாடு ஏறக்குறைய நிமிடத்துக்கு நூறு சுற்றைத் தாண்டினால் சிறு எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். அதனால் ஒரு கேம் தட்டு ஏறி, கிளட்ச் அடுக்கை நெருக்கி, இரு பக்கத்தையும் முழுக்கப் பூட்டிவிடும். வண்டி மணிக்கு முப்பது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் பூட்டு விழாது. உள்ளே கிளட்ச் தட்டு இருப்பதைப் பார்த்து 'அப்போ இதுவும் எல்.எஸ்.டி.தானே' என்று உராய்வு மாற்றியை ஊற்றுகிறார்கள். கூடாது. கேம் ஏறுவதற்கே அந்தத் தட்டுகளின் உராய்வு வேண்டும். இந்த வகை அச்சுக்கு லிமிடெட் ஸ்லிப் சேர்மானம் வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகளே எச்சரிக்கின்றன. ஃபோர்ஸ் கூர்க்காவில் இருப்பதோ ஓட்டுநர் கையால் இழுத்துப் போடும் முழுப் பூட்டு. அதற்கும் உராய்வு மாற்றிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கையேடு தொலைந்த பழைய வண்டி, விற்றவரிடமும் விவரம் இல்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மற்றது அதே திசையில் சுழன்றால் தட்டு அல்லது கூம்பு வகை இருக்கிறது, இன்னும் பிடி மிச்சமிருக்கிறது. எதிர்த்திசையில் சுழன்றால் எல்.எஸ்.டி. இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டார்சன், ஈட்டன் லாக்கர், தட்டு முழுக்கத் தேய்ந்த டிராக்‌ஷன் லாக், எல்லாமே அப்படித்தான் சுழலும். இந்தச் சோதனை 'ஆம்' சொன்னால் நம்பலாம். 'இல்லை' சொன்னால் அச்சின்மேல் உள்ள தகட்டையும் கதவோர ஸ்டிக்கரையும் தேட வேண்டும்.

இப்போது கடைக்காரரின் எண்ணுக்கு வரலாம். கியர் எண்ணெயின் எண்கள் எஸ்.ஏ.இ. ஜே306 என்ற தனி அளவுகோல். இன்ஜின் எண்ணெய் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நூறு டிகிரி செல்சியஸில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் அது 90. இன்ஜின் எண்ணெயில் அது 40க்கும் 50க்கும் இடைப்பட்ட கெட்டிதான். 24 முதல் 32.5 வரை 140. நடுவில் விழுகிற 110 என்ற வகுப்பு 2005இல்தான் வந்தது. அதற்கு முன் 24 வரைக்கும் 90 என்றே எழுதலாம். பழைய புத்தகத்தில் உள்ள 90உம் இன்றைய டப்பாவில் உள்ள 90உம் ஒரே கெட்டியாக இருக்க வேண்டியதில்லை.

'டபிள்யூ'வுக்கு முன் உள்ள எண் குளிருக்கானது. 75டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் ஓட வேண்டும். 80டபிள்யூ 26 வரை, 85டபிள்யூ 12 வரை. உதகையில் உறைபனி விழும் இரவில்கூட 85டபிள்யூவின் எல்லை எட்டாத தொலைவில் இருக்கிறது. லடாக் குளிர்காலத்துக்குப் போகிறவர் மட்டும் முன்னெண்ணைப் பற்றிக் கவலைப்படலாம். பிறகு ஏன் நம் ஊரிலும் 75டபிள்யூ-90? அந்த அகன்ற எல்லையை எட்டப் பெரும்பாலும் செயற்கை அடிப்படை எண்ணெய் வேண்டியிருக்கிறது. அது மலையேற்றத்திலும் பாரம் இழுக்கும்போதும் சூட்டில் மெல்ல நீர்த்துப்போகிறது, மெல்லக் கெடுகிறது. நாம் காசு கொடுப்பது குளிருக்கு அல்ல, சூட்டுக்கு.

பின்னெண்ணைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பின் அச்சு ஊளையிட்டால் 140 ஊற்றி அமுக்குவது பட்டறைகளில் பழைய வைத்தியம். சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. பினியன் பேரிங்கின் அழுகையைக் கேட்காமல் செய்கிறோம், அவ்வளவே. தட்டு வகையில் கெட்டி எண்ணெய் தட்டுகளுக்கிடையே நின்று இழுவையைக் கூட்டும், எரிபொருளையும் குடிக்கும். ஆனால் தயாரிப்பாளரே 140 சொல்லும் இடங்களும் உண்டு: ஃபோர்டு தன் பிக்கப்புகளின் லிமிடெட் ஸ்லிப் அச்சுகளுக்கு 75டபிள்யூ-140 செயற்கை எண்ணெயோடு 118 மில்லி புட்டியையும் கேட்டது, பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்களின் பின் அச்சுக்கும் காஸ்ட்ரால் தந்தது 75டபிள்யூ-140 லிமிடெட் ஸ்லிப் எண்ணெயே. பெருஞ்சுமைக்காகவும் பெருஞ்சக்திக்காகவும் கணக்கிட்டுச் சொன்னவை அவை. அதற்கு நேர்மாறாக இன்றைய கார்கள் சிலவற்றில் 75டபிள்யூ-85 வருகிறது, எரிபொருள் மிச்சத்துக்காக. அதில் 90 ஊற்றினால் ஆபத்தில்லை, மைலேஜ் கொஞ்சம் போகும்.

'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்ற வாசகத்தைத் திறந்த டிஃபரென்ஷியலில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். தட்டு வகையில் நம்ப வேண்டாம். தட்டின் தூள் எண்ணெயிலேயே மிதக்கிறது. உராய்வு மாற்றி சூட்டில் கெட்டுச் சலிக்கிறது. முன்பு இல்லாத கடகட மெல்லத் தலைகாட்டுவது அதன் அறிகுறி. நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றுவது என் பரிந்துரை. ஆற்றைக் கடந்த ஜீப்புக்குக் கணக்கே வேறு. சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றும்போது, எண்ணெய் வடிக்கும் துளையின் காந்த நட்டின் நுனியைத் துடைப்பதற்கு முன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மைபோல் வழுவழுப்பான சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். நறநறவென்று துகள் தட்டுப்பட்டால், ஊசிபோல் சிலும்பு குத்தினால், எண்ணெயைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்ற வேண்டிய நேரம். புது எண்ணெய் ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரம்பி வழியத் தொடங்கினால் அளவு சரி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிறகு தட்டு வகை வண்டியை ஏதாவது காலி மைதானத்துக்குக் கொண்டுபோய் எட்டு வடிவத்தில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று திருப்ப வேண்டும். தட்டுகளின் இடுக்கில் இருந்த பழைய எண்ணெய் போய்ப் புதியது ஏற இதைவிட எளிய வழி இல்லை. அதைச் செய்யாமலே 'எண்ணெய் சரியில்லை' என்று திரும்பி வருகிறவர்கள் அதிகம்.

நம் சமவெளிக்கு என் தீர்ப்பு இது. தட்டு, கூம்பு வகைக்கு எல்.எஸ். ஒப்புதலுள்ள 75டபிள்யூ-90 ஜி.எல்-5, பெரும்பாரம் இழுத்தால் அல்லது கையேடு கேட்டால் மட்டும் 75டபிள்யூ-140. டார்சன், ட்ரூட்ராக், விஸ்கஸ், ஈட்டன் லாக்கர் எல்லாவற்றுக்கும் உராய்வு மாற்றி கலக்காத 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 ஜி.எல்-5, கையேட்டில் உள்ளபடி; ட்ரூட்ராக்குக்கு மட்டும் மினரல். பிராண்ட் எது என்பது இதற்கெல்லாம் பிறகுதான். பட்டறையில் விடும்போது வகையையும் எண்ணெயையும் ஒரு தாளில் எழுதி ஹவுசிங் அருகே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த மெக்கானிக் உங்களுக்கு நன்றி சொல்வார். கடைசியாக ஒன்று, நீங்களே மாற்றுவதாக இருந்தால்: எண்ணெய் ஊற்றும் மேல் நட்டை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே கீழே வடிக்கும் நட்டைத் தொடுங்கள். மேல் நட்டு துருவேறி வர மறுத்தால், எண்ணெய் வடிந்து காலியான அச்சோடு வண்டி அங்கேயே நிற்கும்.